லவ் பேர்ட்ஸ் குஞ்சு கடிப்பதேன்? – இல்லத்தார்க்கு ஒரு பாடம்

ஆடு, பசு, கோழி ஆகியவற்றை வளர்ப்பது நம் புதுக்கோட்டை மாவட்டத்து இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவற்றோடு இப்பொழுது மற்றொரு சிற்றுயிரும் இடம் பெற்றுவிட்டது. திண்ணையின் ஓரத்திலோ கூடத்திலோ ஒரு கம்பிக் கூண்டு தொங்க, அதனுள் பச்சை, மஞ்சள், நீலம், வெண்மை ஆகிய நிறங்களில் இரண்டு சிறு பறவைகள் அமர்ந்து கீச்சிடுவதைச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களிலெல்லாம் காண்கிறோம். மக்கள் இவற்றை 'லவ் பேர்ட்ஸ்' என அழைக்கின்றனர். பெரும்பாலும் பிள்ளைகள் கேட்டதன்பேரில் கடையில் வாங்கப்பட்டவை இவை.

வாங்கிய சில நாட்களிலேயே ஒரு முறையீடு எழும். "குஞ்சு கடிக்கிறது" என்பதே அது. குழந்தை ஆசையோடு விரலை நீட்டுகிறது, பறவை கவ்வுகிறது, குழந்தை அலறுகிறது. அதன் பின்னர், சிலர் பறவையின் அலகில் தட்டித் தண்டிப்பர். சிலர் கூண்டை ஒரு மூலையில் வைத்துத் தீனியும் தண்ணீரும் போடுவதோடு மறந்துவிடுவர். வேறு சிலர், 'எங்காவது பறந்து போய்ப் பிழைக்கட்டும்' எனக் கதவைத் திறந்துவிடுவர். இம்மூன்றாவது செயல் கருணைபோலத் தோன்றினும் உண்மையில் மிகக் கொடியது. பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த இப்பறவைக்கு நம் நாட்டு வெளியில் இரை தேடவும் தெரியாது. காக்கை, வல்லூறு, பூனை ஆகியவற்றினின்று தப்பவும் தெரியாது. திறந்துவிடப்பட்ட பறவை ஓரிரு நாட்களுக்கு மேல் உயிரோடிருப்பது அரிது.

ஆகவே, குஞ்சு கடிப்பதேன், அதனை எவ்வாறு திருத்துவது என்பதை அறிந்துகொள்வது, பிள்ளையின் அச்சத்தையும் பறவையின் உயிரையும் ஒருங்கே காக்கும் செயலாகும். இப்பாடத்தின் உட்பொருளை முன்னரே கூறிவிடலாம்: கடிப்பது பறவையின் குற்றமன்று, அது அதன் பேச்சு. அப்பேச்சுக்கு இல்லத்தார் அனைவரும் ஒரே விதமாக மறுமொழி கூறுவார்களாயின் கடி தானே குறையும்.

1. இது எந்தப் பறவை?

நாம் லவ் பேர்ட்ஸ் எனக் கூறும் பறவையின் உண்மைப் பெயர் பட்ஜரிகர் என்பது. சுருக்கமாகப் பட்ஜி என்பர். இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளி. 1805-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில இயற்கையறிஞர் இதனை நூலில் வருணித்தார். 1840-இல் ஜான் கூல்டு என்பார் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின்னரே இது உலகெங்கும் வீட்டுப் பறவையாகப் பரவியது. காட்டிலுள்ளவை பச்சையும் மஞ்சளுமான நிறமுடையவை. நீலமும் வெண்மையும் மனிதன் வளர்ப்பினால் பெருகிய நிறங்கள். மெய்யான 'லவ் பேர்ட்' என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, குட்டை வாலும் பருத்த அலகும் கொண்ட வேறொரு கிளியினம். அதன் கடி இதனினும் வலியது. வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம் வரை. அதாவது நான்கைந்து பவுன் தங்கத்தின் எடையே. அத்துணைச் சிறிய உயிரின் கண்ணுக்கு நம் கை எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குஞ்சு ஏறக்குறைய 18 நாளில் முட்டையிலிருந்து வெளிவரும். ஐந்து வாரம் ஆகும்போது கூட்டுப் பெட்டியை விட்டு வெளியேறும். இளங்குஞ்சின் நெற்றியில் கருங்கோடுகள் அலகின் அடிவரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகுதிர்வு நிகழ்ந்தபின் அக்கோடுகள் பின்வாங்கி நெற்றி தெளிவாகிவிடும். குஞ்சின் கண் முழுதும் கருமையாக இருக்கும். வளர்ந்த பறவைக்குப் பெரும்பாலும் கருமணியைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும். கடையில் 'குஞ்சு' என்று கூறி வளர்ந்த பறவையை விற்பதும் உண்டாதலால் இவ்வடையாளங்களை நினைவிற் கொள்க. நெற்றிக் கோடு மறையாத பறவையைப் பழக்குவது எளிது. வளர்ந்த பறவையையும் பழக்கலாம், ஆனால் காலம் கூடுதலாக வேண்டும்.

2. அலகு கையும் ஆகும்

கிளியினத்துக்கு அலகு உண்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. அது ஏறும்போது மூன்றாவது கால். பொருளை ஆராயும்போது கை. துணைப்பறவையின் கழுத்து இறகைக் கோதும்போது சீப்பு. கைக்குழந்தை அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பதுபோல, குஞ்சும் அகப்பட்டதையெல்லாம் அலகால் கவ்விப் பார்க்கிறது. கூட்டிலிருக்கும்போது உடன்பிறந்த குஞ்சுகளின் இறகையும் காலையும் கவ்வி விளையாடிய பழக்கம் அதற்கு உண்டு. அக்குஞ்சுகளினின்று பிரிக்கப்பட்டு நம் இல்லம் வந்தபின், அவ்விடத்தில் நம் விரல் நிற்கிறது. ஆகவே அலகு விரலில் பட்ட அளவில் 'கடித்துவிட்டது' என முடிவு செய்தல் கூடாது.

3. கடியின் வகைகள்

பழகிய கண்ணுக்குக் கடிகள் ஒன்றுபோல் இரா. அவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

(அ) சோதனைத் தொடுகை: பறவை விரலில் ஏறுமுன் அலகால் விரலை மெல்லப் பற்றிப் பார்க்கும். கிளை தன்னைத் தாங்குமா எனக் காணும் செயல் இது. இதைக் கடி எனக் கருதி விரலை இழுத்துக்கொண்டால், 'இக்கிளை நம்பத்தக்கதன்று' என அது கற்றுக்கொள்ளும்.

(ஆ) விளையாட்டுக் கவ்வல்: உடல் தளர்ந்து, இறகுகள் இயல்பாக இருக்க, நகத்தையும் தோலின் ஓரத்தையும் கொறிக்கும். சில வேளை அளவு மீறி அழுத்திவிடும்.

(இ) அச்சக் கடி: இறகுகள் உடலோடு ஒட்டி, பறவை மெலிந்து நீண்டதுபோல் தோன்றும், பின்னால் சாயும், அலகைத் திறந்து காட்டும். தப்பியோட வழியில்லாதபோது கடிக்கும். வாங்கிய புதிதில் நிகழும் கடிகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

(ஈ) இடங்காக்கும் கடி: கூண்டினுள் தீனிக் கிண்ணத்தின் அருகிலோ கூட்டுப் பெட்டியின் அருகிலோ கை நுழையும்போது கடிப்பது. வளர்ந்த பெட்டைகளிடம் இது மிகுதி. அலகின் மேலுள்ள மூக்குத்தோல் பழுப்பு நிறமாக இருப்பின் பெரும்பாலும் பெட்டை. பெரும்பாலான நிறவகைகளில் சேவலுக்கு அது நீலநிறம்.

(உ) நோவினால் வரும் கடி: இறகுதிரும் காலத்தில் புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துகளைத் தொட்டால் நோகும். பழகிய பறவை திடீரெனக் கடிக்கத் தொடங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலிலும் உறங்கி, கூண்டின் தரையில் அமர்ந்திருக்குமாயின் அது நோயின் அறிகுறி. அப்போது பயிற்சியை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

4. கடிக்கக் கற்பிப்பவர் யார்?

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். காலையில் சிறுமி விரலை நீட்டுகிறாள். குஞ்சு அஞ்சிக் கவ்வுகிறது. அவள் வெடுக்கென இழுத்துக்கொள்கிறாள். 'கவ்வினால் பெரிய கை ஓடிவிடும்' என்பது குஞ்சு கற்ற முதற்பாடம். நண்பகலில் அண்ணன் வருகிறான்; குஞ்சு கடித்தவுடன் கைகொட்டிச் சிரித்து மீண்டும் விரலை நீட்டுகிறான். 'கடித்தால் விளையாட்டு உண்டு' என்பது இரண்டாம் பாடம். மாலையில் அப்பத்தா கூண்டைத் தட்டி உரக்க வைகிறார். 'கை வந்தால் இடியும் வரும். முந்திக் கடிப்பதே நலம்' என்பது மூன்றாம் பாடம். மூவரும் பறவையைத் திருத்த எண்ணியவர்களே. ஆயினும் மூவரும் சேர்ந்து அதற்குக் கடிக்கவே கற்பித்துவிட்டனர்.

பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலறிஞர் புறாக்களைக் கொண்டு நீண்ட காலம் சோதனைகள் நடத்தினார். ஃபெர்ஸ்டர் என்பாருடன் சேர்ந்து 1957-இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். ஒரு செயலுக்குப் பயன் கிடைத்தால் அச்செயல் மிகும்; பயன் அற்றுப்போனால் குறையும் என்பது அச்சோதனைகளின் சாரம். அவற்றுள் நமக்கு மிக வேண்டிய உண்மை ஒன்றுண்டு. எப்போதாவது ஒரு முறை மட்டும் பயன் தரும் செயலே மறக்க மிகக் கடினமானது. பயன் என்றும் கிடைத்து, பின்னர் ஒரு நாள் முழுவதுமாக நின்றுபோனால் பறவை விரைவில் விட்டுவிடும். பத்து முறையில் ஒரு முறை கிடைக்குமாயின், அந்த ஒரு முறைக்காக ஒன்பது முறையும் முயலும். எனவே நால்வர் பொறுமையோடிருந்து ஒருவர் மட்டும் கையை உதறினாலும் நால்வரின் உழைப்பும் வீணாகும். கூட்டுறவு அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தவணை தவறியவரிடம் ஒரு மாதம் கண்டிப்பும் மறு மாதம் கண்ணோட்டமும் காட்டும் சங்கத்தின் கணக்கு எவ்வாறிருக்கும் என்பதை நாம் அறிவோம்.

5. பழக்கும் முறை

முதல் வாரம்: கையைக் கூண்டினுள் விடுவது தீனி, தண்ணீர், துப்புரவு ஆகியவற்றுக்கு மட்டுமே. கூண்டு குறைந்தது 2 அடி நீளமுள்ளதாகவும், மனிதரின் மார்பு உயரத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டியதாகவும் இருக்கட்டும். நாற்புறமும் திறந்த இடத்தில் தொங்கும் கூண்டில் பறவைக்கு அமைதி கிடையாது. தரையில் வைத்த கூண்டிலோ எந்நேரமும் அச்சமே. இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சிக்கு அருகில் நள்ளிரவுவரை விழித்திருக்கும் பறவை மறுநாள் கடிப்பதில் வியப்பில்லை. வீட்டார் அருகில் அமர்ந்து மெல்லிய குரலில் பேசுவது போதும்.

இரண்டாம் வாரம்: நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், கையைக் கூண்டின் வெளிப்புறத்தில் அசையாமல் வைக்க வேண்டும். பறவை தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியபின், கையை மெதுவாக உள்ளே கொண்டுசென்று எட்டத்தில் நிறுத்த வேண்டும். கையில் ஒரு தினைக்கதிர் இருக்கட்டும். தினை, பனிவரகு, சாமை ஆகியவை இப்பறவைக்கு மிக உகந்த தானியங்கள். அயலூரினின்று வரும் விலையுயர்ந்த பொட்டலம் வேண்டுவதில்லை. கதிரைத் தேடிப் பறவையே வரவேண்டும். கதிர் பறவையைத் துரத்தலாகாது.

மூன்றாம் வாரம் முதல்: கதிரை உண்ணும்போது விரலைக் குறுக்காக, காலுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் மெல்லப் பொருத்தி, 'ஏறு' என்று ஒரே சொல்லைக் கூறவேண்டும். ஏறியவுடன் ஓரிரு தானியம் தந்து, அது இறங்க விரும்புமுன் நாமே இறக்கிவிட வேண்டும். கை எப்போதும் முன்புறமிருந்து, தாழ்வாக வரவேண்டும். மேலிருந்து இறங்கும் கை பறவைக்குப் பருந்தின் நிழல்.

இவ்வாரக் கணக்கு ஒரு வழிகாட்டியே. ஒரு படியில் பறவை அஞ்சினால் முந்தைய படிக்கு இறங்குக. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பட்டினி போட்டுப் பணியவைக்கும் முறை ஒருகாலும் ஆகாது. இத்துணைச் சிறிய உடலில் சேமிப்பு இல்லையாதலால் ஒரு நாள் பட்டினியே உயிருக்குக் கேடாகும்.

6. கடிக்கும் தறுவாயில் செய்ய வேண்டுவது

அச்சக் கடியில் ஒரு சிக்கல் உண்டு. கடித்தவுடன் கையை எடுத்தால் கடிக்குப் பயன் கிடைத்துவிடும்; எடுக்காமல் மேலும் நெருக்கினால் அது கொடுமை; அச்சமும் மிகும். இதற்கு வழி யாது? கடிக்கு முன்னரே நிறுத்துவதுதான். இறகு ஒட்டி உடல் பின்சாய்ந்த அக்கணத்திலேயே கையை அங்கேயே நிறுத்துக. பறவை தளர்ந்தவுடன் மெல்லப் பின்வாங்குக. அப்போது, 'அமைதியாக இருந்தாலும் என் பேச்சு கேட்கப்படுகிறது' என அது அறியும். கடிக்க வேண்டிய தேவையே எழாது. இவ்வொரு பழக்கத்தைக் கைக்கொண்ட இல்லத்தில் அச்சக் கடி பெரிதும் குறைந்துவிடும்.

எச்சரிக்கையையும் மீறிக் கடித்துவிடின், இரண்டு மூன்று விநாடி கையை அசைக்காமல், ஓசையெழுப்பாமல் இருந்து, பறவை விட்டபின் மெதுவாக விலக்குக. விளையாட்டுக் கவ்வலாயின், முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்துப் பதினைந்து விநாடி பேசாதிருந்து, பின்னர் விரலுக்குப் பதிலாகக் கொறிக்கத்தக்க பொருளைத் தருக. தென்னங்கீற்றுத் துண்டும் வேப்பங்குச்சியும் கொய்யாக் கிளையும் போதும். கொறிக்கும் இயல்பை ஒழிக்க முயலாமல், அதற்குரிய இடத்தைக் காட்டுவதே அறிவு. இம்முறையைத் தொடங்கிய முதற் சில நாட்களில் விளையாட்டுக் கவ்வல் முன்னிலும் மிகலாம். வழக்கமாகக் கிடைத்த பயன் கிடைக்காததால் பறவை முயன்று பார்ப்பதே அது. அந்நிலையில் மனந்தளர்ந்து கையை உதறுவோர் கெட்டியான கடிகாரப் பறவையையே பெறுவர்.

செய்யத்தகாதன: அலகில் தட்டுதல், முகத்தில் ஊதுதல், கையை உதறிப் பறவையை விழச் செய்தல், உரக்க வைதல், தண்டனையாகக் கூண்டை மூடி வைத்தல். பறவை தண்டனையைத் தன் செயலோடு இணைத்துப் பாராது. தண்டித்த கையோடு இணைத்தே நினைவு கொள்ளும்.

7. நம் இல்லங்களில் தனியே கவனிக்க வேண்டுவன

நெசவாளர் இல்லத்தில் தறியின் சீரான ஓசைக்குப் பறவை விரைவில் பழகிவிடும். ஆனால் பஞ்சுத் தூசும் சாயத்தின் ஆவியும் அதன் மூச்சுக்கு ஆகாதவை. ஆகவே கூண்டு தறிக்கு அருகில் வேண்டா. கழிவு நூலைக் கூண்டில் போடுவதோ, நூலில் விளையாட்டுப் பொருளைக் கட்டித் தொங்கவிடுவதோ கூடாது. நூல் காலில் சுற்றி இறுகினால் குருதியோட்டம் நின்று விரல் அழுகிவிடும். காலைத் தொட்டால் கடிக்கும் பறவையின் விரல்களில் இழை சுற்றியுள்ளதா என முதலில் பார்க்க வேண்டும்.

விவசாயிகள் இல்லத்தில், விதைநேர்த்தி செய்த விதையில் எஞ்சியதையும் மருந்து தெளித்த வயலின் கதிரையும் கீரையையும் தரலாகாது. வீட்டுக் கொல்லையிலுள்ள முருங்கைக்கீரையும் கொத்தமல்லித் தழையும் கழுவித் தரலாம். விறகுப் புகையும், ஒட்டாத பூச்சிட்ட வாணலி அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவியும் பறவைக்கு நஞ்சாதலால் அடுக்களையில் கூண்டை வைக்கலாகாது. நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் கூண்டுக்கு நிழலும், நாளுக்கு இருமுறை மாற்றிய நீரும் இன்றியமையாதவை.

'கடிக்கும் இதைவிட, மொட்டைப் பனையின் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்க்கலாமே' எனச் சிலர் எண்ணக்கூடும். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி அயல்நாட்டு இனமாதலால் இத்தடை அதற்கில்லை. அதனை விற்கும் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் உண்டு. பதிவு பெற்ற கடையில் வாங்குவதே நன்று.

8. காயமும் அச்சமும்

குஞ்சின் கடியில் தோல் கிழிவது அரிது. கிழிந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவுக. வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய். பறவையின் கடியால் அது வாராது. ஆகவே அதனை எண்ணிக் கலங்கவோ குழந்தையை அச்சுறுத்தவோ வேண்டா. காயம் ஆழமாயினும், சிவந்து வீங்கினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுக. கிளியினப் பறவைகளின் எச்சத்தூசியால் மனிதர்க்குக் காய்ச்சலும் இருமலும் தரும் ஒரு தொற்று சில வேளை வரக்கூடும். எச்சத்தை ஈரத்துணியால் துடைத்து நீக்குதலும், பின் கை கழுவுதலும், பறவையை வாயருகில் வைத்துக் கொஞ்சாதிருத்தலும் அதற்குரிய காப்பு. நோய்ப்பட்ட பறவையை அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சை வேண்டின் அண்டை மாவட்டமான தஞ்சாவூரின் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி உளது.

9. இல்லத்தின் தீர்மானம்

மேற்கூறியவற்றுள் எதற்கும் பணச்செலவு இல்லை. வேண்டுவது ஒற்றுமை ஒன்றே. எனவே பறவை வாங்கிய அன்றே, வாங்கி நாளாகியிருப்பின் இன்றே, இல்லத்தார் அனைவரும் கூடிப் பின்வரும் நான்கையும் ஏற்றுக்கொள்வது நலம். ஒன்று, பெரியவர் உடனில்லாமல் சிறுபிள்ளைகள் கம்பிக்குள் விரல் நீட்டுவதில்லை. இரண்டு, கடித்தால் எவரும் கத்துவதில்லை, சிரிப்பதில்லை, அடிப்பதில்லை. மூன்று, எல்லோரும் 'ஏறு' என்ற ஒரே சொல்லையே பயன்படுத்துவது. நான்கு, பறவை அஞ்சும் அறிகுறியைக் கண்டவுடன் கையை நிறுத்துவது. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கூண்டின் அருகே ஒட்டிவைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால், விதியைக் காப்பதில் அவர்களே முதல்வராக நிற்பர்.

தன்னைவிடப் பன்மடங்கு சிறிய உயிர் அஞ்சும்போது தன் கையை நிறுத்திக்கொள்ளக் கற்ற பிள்ளை, வெறும் பறவை வளர்ப்பை மட்டும் கற்றதாகாது. நன்கு பேணினால் பட்ஜி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வாழும். அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பொறுமை காட்ட வேண்டிய காலம் தொடக்கத்தின் சில வாரங்களே.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. இளங்குஞ்சை வளர்ந்த பறவையினின்று பிரித்தறியும் அடையாளங்கள் யாவை?
2. சோதனைத் தொடுகைக்கும் அச்சக் கடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. எப்போதாவது மட்டும் கிடைக்கும் பயன், செயலை ஏன் வலுப்படுத்துகிறது? உங்கள் இல்லத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
4. கழிவு நூலும் விதைநேர்த்தி செய்த விதையும் பறவைக்குக் கேடாவது எவ்வாறு?
5. உங்கள் இல்லத்தில் பறவை இருப்பின், மேற்கூறிய நான்கு விதிகளுள் எதனைக் காப்பது கடினம்? அதற்கு என் செய்யலாம் எனக் கலந்து பேசுக.